கடல் நிறைய வெப்பம் இருந்தும் மின்சாரம் ஏன் வரவில்லை? வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி

ஒரு கன மீட்டர் கடல்நீரை ஒரே ஒரு டிகிரி குளிரவைத்தால் அதிலிருந்து வெளிவரும் வெப்பம் சுமார் 41 லட்சம் ஜூல். மின் கட்டணக் கணக்கில் இது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை எடுக்க, பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட ஒரு குளத்து நீரே போதும். அதை 29 டிகிரியிலிருந்து 28க்கு இறக்கினால் கணக்கு முடிந்தது. வங்கக் கடலில் எத்தனை கோடி குளங்கள் அடங்கும்! ஆற்றல் அழிவதில்லை, உருமாறும் என்று பள்ளியில் படித்த முதல் விதி இதைத் தடுக்கவில்லை. வெப்பம் குறைகிறது, அதே அளவு மின்சாரம் கூடுகிறது. வரவும் செலவும் சரியாக இருக்கிறது.

ஆனாலும் அப்படி ஓர் இயந்திரம் இதுவரை ஓடியதில்லை. இனி ஓடவும் போவதில்லை. தடுப்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி.

இதை நம்பாமல் உண்மையிலேயே எஞ்சின் கட்டப் போனவர் ஒருவர் உண்டு. ஜான் கேம்ஜி என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர். குளிர் உண்டாக்கும் தொழில்நுட்பத்தில் கைதேர்ந்தவர். 1876இல் லண்டனின் செல்சி பகுதியில், இயந்திரத்தால் உறையவைத்த பனிச்சறுக்குத் தளத்தைத் திறந்தவர். 1880களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போய் ‘ஜீரோமோட்டார்’ என்ற எஞ்சினை முன்வைத்தார். அது அம்மோனியாவில் ஓட வேண்டியது. அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். பூஜ்ஜியம் டிகிரியில் அதன் ஆவி, வளிமண்டலத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேலான அழுத்தம் கொடுக்கும். கடல்நீரின் வெப்பத்தால் அம்மோனியா கொதிக்கட்டும், ஆவி பிஸ்டனைத் தள்ளட்டும், தள்ளி விரியும்போது தானே குளிர்ந்து திரவமாகட்டும், அந்தத் திரவத்தைக் கடல் மறுபடி கொதிக்கவைக்கட்டும் என்பது அவர் திட்டம். கப்பலுக்கு நிலக்கரியே வேண்டாம். அமெரிக்கக் கடற்படையின் மூத்த பொறியாளர் பெஞ்சமின் ஐஷர்வுட் இதை ஆதரித்து அறிக்கையே எழுதினார்.

எஞ்சின் ஓடவில்லை. விரிந்த ஆவி முழுவதும் திரவமாக வேண்டுமென்றால், மிச்சமிருக்கும் வெப்பத்தை அது எங்காவது கொட்டியாக வேண்டும். தன்னைவிடக் குளிர்ந்த இடத்தில்தான் கொட்ட முடியும். சுற்றிலும் கடல், அதுவோ சூடான பக்கம். கேம்ஜியின் எஞ்சினில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.

வருத்தம் என்னவென்றால், இதற்கான விடை அச்சாகி அப்போதே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1824இல் பிரான்ஸின் சாதி கார்னோ, 28 வயதில், ஒரு சிறு நூலை வெளியிட்டார். நீராவி எஞ்சினின் திறனை எதுவரை கூட்ட முடியும் என்பதே அவர் கேள்வி. நல்ல இரும்பு, நல்ல வால்வு, நீராவிக்குப் பதில் வேறு வாயு என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்த காலம். கார்னோ இவை அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சினின் உச்ச வரம்பு இரண்டே எண்களைச் சார்ந்தது என்றார்: வெப்பம் வரும் பக்கத்தின் வெப்பநிலை, போகும் பக்கத்தின் வெப்பநிலை. அருவி நீர் சக்கரத்தைச் சுழற்ற உயர வேறுபாடு வேண்டும் என்பதுபோல, வெப்பம் வேலை செய்ய வெப்பநிலை வேறுபாடு வேண்டும் என்பது அவரே சொன்ன ஒப்புமை. நூலை அன்று அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1832இல் காலரா அவரை 36 வயதில் கொண்டுபோனது. தொற்றுக்குப் பயந்து அவருடைய தாள்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து கிளாப்பெய்ரோன் என்ற பொறியாளர் அந்த நூலைக் கணித வடிவில் எழுதாவிட்டால் கார்னோவின் பெயரே நமக்கு வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

அவர் கண்ட வரம்பைப் பின்னாளில் கெல்வின் அளவுகோலில் (செல்சியஸ் டிகிரியோடு 273ஐக் கூட்டினால் வருவது) எழுதியபோது அது மிக எளிதாகிவிட்டது. குளிர்ந்த பக்க வெப்பநிலையைச் சூடான பக்க வெப்பநிலையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் உச்சத் திறன். இரண்டு பக்கமும் ஒரே வெப்பநிலை என்றால் விடை பூஜ்ஜியம். கேம்ஜியின் எஞ்சின் நின்ற இடம் அது.

கூடங்குளத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஒவ்வோர் அணு உலையும் 3,000 மெகாவாட் வெப்பத்தைத் தருகிறது. கிடைக்கும் மின்சாரமோ 1,000 மெகாவாட். மீதி 2,000 மெகாவாட் கடலுக்குப் போகிறது. முதன்முறை கேட்கும் எவருக்கும் மனம் பதறும்: மூன்றில் இரண்டு பங்கு வீணா? டர்பைனுக்குள் வரும் நீராவி சுமார் 275 டிகிரி செல்சியஸ், அதாவது 548 கெல்வின். அது குளிர்ந்து நீராகும் இடம் சுமார் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். கார்னோவின் கணக்குப்படி உச்சத் திறன் 43 சதவீதம். உராய்வே இல்லாத, கசிவே இல்லாத, கற்பனையான இயந்திரம்கூட இதைத் தாண்டாது. உண்மையில் கிடைப்பது 33. அனல் மின் நிலையத்தில் நீராவி 540 டிகிரி வரை போவதால் உச்ச வரம்பு 61 சதவீதம் ஆகிறது. நடைமுறையில் 35லிருந்து 40 வரை கிடைக்கும். நெய்வேலியிலும் மேட்டூரிலும் வானளாவ நிற்கும் குளிர்விப்புக் கோபுரங்கள் பொறியாளர்களின் திறமைக் குறைவுக்கு அடையாளம் இல்லை. அந்தக் குளிர்ந்த பக்கத்தை எடுத்துவிட்டால் டர்பைன் சுற்றாது.

கடலிலிருந்து ஆற்றல் எடுக்கவே முடியாதா என்றால், முடியும். அதற்குக் குளிர்ந்த பக்கத்தைக் கடலின் அடியிலிருந்தே கொண்டுவர வேண்டும். நம் கடற்பகுதியில் மேற்பரப்பு 29 டிகிரி என்றால் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சுமார் 7 டிகிரி. கார்னோ வரம்பு 7 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி, ஆழத்து நீரை மேலே இறைக்கவே செலவாகிவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தூத்துக்குடிக் கடலில் ஒரு மெகாவாட் மிதவை நிலையம் அமைக்க முயன்றது. அவ்வளவு நீளக் குழாயை ஆழத்தில் இறக்கி நிறுத்த முடியாமல் அது கைகூடவில்லை. ஆனால் அதே கழகம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் இந்த வெப்பநிலை வேறுபாட்டைக் குடிநீருக்குப் பயன்படுத்தி வென்றது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்நீரால் அந்த ஆவியை நன்னீராக்கும் ஆலை அது; நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கொள்ளளவு. இது நாம் இன்னும் உரக்கப் பேச வேண்டிய சாதனை என்பேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘ஆற்றலைச் செலவழிக்கிறோம்’ என்று பேசுகிறோம். முதல் விதிப்படி ஆற்றல் செலவாவதே இல்லை. நாம் செலவழிப்பது வேறுபாட்டை. சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடு, உயர் அழுத்தத்துக்கும் தாழ்ந்த அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு, பேட்டரியின் இரு முனைகளுக்கும் உள்ள வேறுபாடு. ஒருமுறை சமனாகிவிட்ட வேறுபாடு தானாகத் திரும்ப வராது. எவ்வளவு செலவாகிவிட்டது என்பதை எண்ணால் சொல்லும் அளவுதான் என்ட்ரோபி.

அந்த அளவை 1865இல் வகுத்தவர் ருடால்ஃப் கிளாசியஸ். கணக்கு கடினமில்லை: கைமாறும் வெப்பத்தை அந்தப் பொருளின் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 30 டிகிரி அறையில் ஒரு தட்டில் 20 கிராம் பனிக்கட்டி கிடக்கிறது என்று வையுங்கள். அது முழுதும் உருக ஏறத்தாழ 6,680 ஜூல் வெப்பம் வேண்டும். அறைக் காற்று அதைக் கொடுக்கிறது. பனிக்கட்டியின் வெப்பநிலை 273 கெல்வின். எனவே அதன் என்ட்ரோபி 24.5 கூடுகிறது. அறையின் வெப்பநிலை 303 கெல்வின். எனவே அறையின் என்ட்ரோபி 22 குறைகிறது. கொடுத்த வெப்பமும் வாங்கிய வெப்பமும் ஒன்றே, ஆனால் வகுக்கும் எண் வேறு. அதனால் மொத்தத்தில் 2.4 அளவு கூடிவிட்டது. அலகு, கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்பது. உருகிய தண்ணீர் தன் வெப்பத்தை அறைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டியானால் மொத்தம் 2.4 குறையும். சுற்றிலிருந்து துண்டிக்கப்பட்ட அமைப்பில் மொத்த என்ட்ரோபி குறையாது என்பதே இரண்டாம் விதி. வெப்பம் தானாகக் குளிரிலிருந்து சூட்டுக்குப் போகாது என்று கிளாசியஸ் 1850இல் சொன்னதும், ஒரே ஒரு வெப்பமூலத்தை வைத்து எஞ்சின் ஓட்ட முடியாது என்று, அந்த அளவுகோலுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் கெல்வின் 1851இல் சொன்னதும் இதன் வேறு முகங்கள்.

‘தானாக’ என்பதை விட்டுவிடக் கூடாது. வீட்டு ஏசி 24 டிகிரி அறையிலிருந்து வெப்பத்தை எடுத்து 38 டிகிரி வெயிலில் தள்ளுகிறது. மின்சாரம் கொடுப்பதால் முடிகிறது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து மூடிய அறையைக் குளிர்விக்கப் பார்த்தால் அறை சூடாகும். பின்பக்கக் கம்பிகள் வெளிவிடும் வெப்பம் உள்ளே எடுத்த வெப்பத்தைவிட அதிகம். ஆனால் ஏசி விஷயத்தில் இரண்டாம் விதி தாராளமானது. மேலே சொன்ன வெப்பநிலைகளுக்கு, ஒரு யூனிட் மின்சாரத்தால் 21 யூனிட் வெப்பத்தை வெளியேற்றலாம் என்று விதி அனுமதிக்கிறது. நம் ஏசிகள் மூன்று, நான்கு யூனிட் அளவில்தான் நிற்கின்றன. முன்னேற இடம் நிறைய இருக்கிறது.

கிளாசியஸ் ‘கூடும்’ என்றார்; ஏன் கூடுகிறது என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவர் வியன்னாவின் லுட்விக் போல்ட்ஸ்மன், 1877இல். அணு என்று ஒன்று இருப்பதையே பல பெரிய விஞ்ஞானிகள் ஏற்காத காலத்தில், அவர் அணுக்களை எண்ணத் தொடங்கினார்.

நூறு நாணயங்களை ஒரு தட்டில் போட்டுக் குலுக்குங்கள். நூறும் தலையாக விழ ஒரே ஒரு வழிதான். ஐம்பது தலை, ஐம்பது பூ என்று விழுவதற்கான வழிகள், 1க்குப் பின் 29 பூஜ்ஜியம் போட்டால் வரும் அளவு. நொடிக்கு ஒருமுறை குலுக்கினால் நூறு தலையைச் சராசரியாக ஒருமுறை பார்க்க, அண்டத்தின் இன்றைய வயதைப் போல் சுமார் 3 லட்சம் கோடி மடங்கு காலம் ஆகும். நாணயங்களுக்குப் பாதிப் பாதியாக விழ வேண்டும் என்ற ஆசை எதுவும் கிடையாது. எந்த விசையும் அவற்றை அங்கே தள்ளவில்லை. அந்தப் பக்கம் வழிகள் அதிகம், அவ்வளவுதான்.

மூலக்கூறுகளுக்கும் இதே கதை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் ஒரு நிலையை, உள்ளே மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமைந்து உண்டாக்க முடியும்? அந்த எண்ணிக்கையின் மடக்கையை ஒரு சிறு மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி. வியன்னா மத்திய மயானத்தில் போல்ட்ஸ்மனின் கல்லறையில் பொறித்திருப்பது இந்தச் சமன்பாடுதான். அந்த வடிவில் அதை எழுதியவர் மேக்ஸ் பிளாங்க்.

இப்போது அந்தப் பனிக்கட்டியின் 2.4ஐப் போல்ட்ஸ்மனின் கண்ணால் பார்ப்போம். மூலக்கூறுகள் அமையக்கூடிய வழிகள் எத்தனை மடங்கு பெருகிவிட்டன என்று கணக்கிட்டால், 1க்குப் பின் சுமார் 7.6 × 10²² பூஜ்ஜியங்கள் வரும். ஒரு பூஜ்ஜியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஒதுக்கி இந்த எண்ணை நேர்கோட்டில் எழுதினால் கோடு 8,000 ஒளியாண்டு நீளும். இது பூஜ்ஜியங்களின் வரிசை மட்டும். எண்ணின் அளவு அதைவிடக் கற்பனைக்கு எட்டாதது. உருகிய தண்ணீர் தானாகக் கட்டியாகும் வாய்ப்பு அந்த எண்ணில் ஒரு பங்கு. இயற்பியலின் விதி என்று நாம் வணங்கி ஏற்பது, உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் நிகழ்தகவு. ஆனால் எவ்வளவு அசைக்க முடியாத நிகழ்தகவு!

என்ட்ரோபி என்றால் ‘ஒழுங்கின்மை’ என்று பல பாடப்புத்தகங்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்த விளக்கம் உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம் என்பது என் கருத்து. வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளப் பாத்தியின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். கலங்கலான உப்புநீரில் மேலே மெல்லிய ஏடு படர்கிறது. கொஞ்ச நேரத்தில் ஓரங்கள் நேர்கோடாக, மூலைகள் செங்கோணமாக, சின்னச் சின்னச் சதுரங்கள் பூக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் சோடியமும் குளோரினும் மாறி மாறி வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. யாரும் அடுக்கவில்லை. கலங்கலிலிருந்து தானாக ஒழுங்கு வந்துவிட்டதே, விதி உடைந்துவிட்டதா? ஒரு கிலோ உப்புப் பூக்க 30 லிட்டருக்கும் மேல் கடல்நீர் ஆவியாகியிருக்கிறது. திரவமாக நெருங்கிக் கிடந்த அந்த நீர் மூலக்கூறுகள் இப்போது காற்றில் ஆயிரம் மடங்குக்கும் மேல் பரந்த இடத்தில் திரிகின்றன. உப்பு இழந்த வழிகளைவிட நீர் பெற்ற வழிகள் மிக மிக அதிகம். எண்ணிக்கையைப் பார்த்தால் விதி பத்திரமாக இருக்கிறது. ‘ஒழுங்கு’ என்று கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தண்ணீரில் கலக்கிய எண்ணெய் தானாகப் பிரிந்து மிதப்பதும் இப்படிப்பட்டதே.

உயிரினங்கள் இரண்டாம் விதியை மீறுகின்றன, ஆகவே பரிணாமம் பொய் என்று வாதிடுபவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பூமி துண்டிக்கப்பட்ட அமைப்பு இல்லை. சூரியனிடமிருந்து நமக்கு எவ்வளவு ஆற்றல் வருகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவையும் பூமி விண்வெளிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இல்லையென்றால் நாம் எப்போதோ வெந்திருப்போம். அப்படியானால் சூரியன் நமக்குத் தருவதுதான் என்ன? சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,770 கெல்வின். பூமி தன் வெப்பத்தைச் சராசரியாக 255 கெல்வின் அளவில் வெளிவிடுகிறது. உள்ளே வரும் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும், அதாவது ஃபோட்டானுக்கும், ஏறத்தாழ இருபது அகச்சிவப்பு ஃபோட்டான்கள் வெளியே போகின்றன. அதே ஆற்றல்தான், ஆனால் இருபது துண்டாகச் சில்லறையாக்கப்பட்டு. துண்டு கூடினால் வழிகள் கூடும். ஒன்று வந்து இருபது போகும் இந்த இடைவெளியில்தான் நெற்பயிர் வளர்கிறது, மழை பெய்கிறது, நம் மூளை யோசிக்கிறது. உயிர் தன் என்ட்ரோபியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு பிழைக்கிறது என்று எர்வின் ஷ்ரோடிங்கர் 1944இல் எழுதினார். இயற்பியலில் இதைவிட என்னை நெகிழவைத்த கணக்கு வேறில்லை.

விதியை ஏமாற்ற ஒரு புத்திசாலி காவல்காரன் போதுமே என்று 1867இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் யோசித்தார். வாயு நிறைந்த பெட்டியின் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு சிறு கதவு, கதவருகே மூலக்கூறுகளைப் பார்க்கக்கூடிய ஒரு குட்டிப் பூதம். வேகமானவற்றை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் அது விட்டுக்கொண்டே இருந்தால், வேலை செய்யாமலே ஒரு பக்கம் சூடாகும், மறுபக்கம் குளிரும். இந்தப் பூதத்தை அடக்க ஏறத்தாழ நூறு ஆண்டு ஆனது. பூதம் பார்த்ததை நினைவில் வைக்க வேண்டும். நினைவு நிறைந்தால் அழிக்க வேண்டும். ஒரு பிட் தகவலை, அதாவது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரே ஒரு பதிலை, அழிக்கக் குறைந்தது இவ்வளவு வெப்பத்தை வெளிவிட்டே ஆக வேண்டும் என்று 1961இல் ரால்ஃப் லாண்டவர் காட்டினார். அறை வெப்பநிலையில் அது சுமார் 3 × 10⁻²¹ ஜூல். இந்த நுண்ணிய அளவை 2012இல் சோதனையிலும் அளந்துவிட்டார்கள். பூதம் சேமித்தது எல்லாம் மறப்பதில் செலவாகிவிடுகிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. போல்ட்ஸ்மனின் நண்பர் யோஹன் லோஷ்மிட் 1876இலேயே அதைத் தொட்டுவிட்டார். இரண்டு மூலக்கூறுகள் மோதுவதைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் எந்த விதியும் மீறப்படாது. அடிப்படை விதிகளுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. அப்படியானால் வழிகளை எண்ணும் வாதமும் இரு திசையிலும் செல்ல வேண்டும் அல்லவா? பாதி உருகிய பனிக்கட்டி அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் உருகியிருக்கும் என்று அந்த வாதம் சொல்கிறது. அதே வாதம், ஒரு மணி நேரத்துக்கு முன்பும் அது இன்னும் உருகித்தான் இருந்திருக்கும் என்றும் சொல்கிறது! இது தவறு என்று நமக்குத் தெரியும், காரணம் ஃப்ரீசரிலிருந்து அதை எடுத்தது நாம். ஃப்ரீசருக்கு அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? மின்சாரத்திலிருந்து. மின்சாரத்துக்கு? நிலக்கரியிலிருந்து. நிலக்கரிக்கு? பழங்காலச் செடிகள் வாங்கிய வெயிலிலிருந்து. சூரியனுக்கு? அது ஒரு வாயு மேகம் ஈர்ப்பால் சுருங்கி உண்டானது. இப்படிப் பின்னோக்கிப் போனால் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தொடக்கத்தில் போய் நிற்போம்.

அந்தத் தொடக்க அண்டத்தின் மிச்ச ஒளியை இன்று அளக்கிறோம். எல்லாத் திசையிலும் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வோடு அது ஒரே சீராக இருக்கிறது. சீரான வாயு என்றால் உச்ச என்ட்ரோபி என்று தோன்றும். ஈர்ப்பு விசை இருக்கும் இடத்தில் அது நேர்மாறு: திரண்டு விண்மீனாகவும் கருந்துளையாகவும் ஆவதற்கே வழிகள் அதிகம். ஆகவே சீராகப் பரவியிருந்த அந்தத் தொடக்கம், என்ட்ரோபி மிக மிகக் குறைந்த ஒரு நிலை. அண்டம் ஏன் அப்படித் தொடங்கியது என்பதில் இன்றும் அண்டவியலாளர்களிடையே உடன்பாடு இல்லை. முழுதும் சமனாகிக் கிடக்கும் ஒரு பேரண்டத்தில், தற்செயலாக நம் பகுதியில் மட்டும் என்ட்ரோபி தாழ்ந்துவிட்டது என்ற எண்ணத்தை போல்ட்ஸ்மன் 1890களில் முன்வைத்தார். அவருடைய சமன்பாடே அதற்கு எதிராக நிற்கிறது. சிறு தற்செயல் பெரிய தற்செயலைவிடப் பல மடங்கு எளிது. நாம் வாழ ஒரு சூரியக் குடும்பம் போதும் என்றால் அது மட்டும் உருவாகியிருக்க வேண்டும். தொலைநோக்கியை எந்தத் திசையில் திருப்பினாலும் இவ்வளவு விண்மீன் மண்டலங்கள் தெரிவதற்குக் காரணமே இருக்காது.